படியெடுத்தலும் பெயர்ச்சி வேகமும்: ஐதராபாத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ் நூல்கள் நிலைபெற்றமைக்கு அவற்றை இயற்றிய புலவர் எத்துணைக் காரணரோ அத்துணைக் காரணர் அவற்றைப் படியெடுத்தோரும் ஆவர். பனையோலை ஈரத்தாலும் பூச்சியாலும் சிதையும் தன்மையது. ஓர் ஏடு சிதைவதற்கு முன்னரே மற்றோர் ஏட்டில் அது பெயர்த்தெழுதப்பட்டமையால்தான் தொன்னூல்கள் நம் காலம்வரை வந்து சேர்ந்தன. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து திரட்டிய படிகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். படிகள் பலவாக இருந்தமையே பதிப்புக்கு அடிப்படையாயிற்று.

இன்று சுவடிகளும் அச்சு நூல்களும் மின்வடிவம் பெற்று வருகின்றன. மின்வடிவமும் அழிவுக்கு அப்பாற்பட்டதன்று. அதனையும் உரிய காலத்தில் வேறொரு சேமிப்பகத்திற்குப் பெயர்த்தாக வேண்டும். அவ்வாறு பெயர்த்தற்கு எவ்வளவு காலம் ஆகும்? அக்காலத்தை வரையறுப்பது சேமிப்பகமா, கணினியையும் சேமிப்பகத்தையும் இணைக்கும் வழியா? இவ்வினாக்கள் பொறியியலாருக்கு மட்டுமே உரியன என்று தமிழாய்வாளர் ஒதுக்கிவிடுதற்கில்லை. பெயர்த்தல் அரிதாயின் படிகள் குறையும். படிகள் குறையின் நூல் அழியும் வாய்ப்பு மிகும். இக்கட்டுரை தரவுப் பெயர்ச்சி வேகத்தின் வரலாற்றை ஐதராபாத் நகரை முன்வைத்து ஆராய்ந்து, அதனால் தமிழ்ச் சுவடிக் காப்புக்குப் பெறப்படும் கருத்துகளைத் தொகுத்துரைக்கின்றது.

மல்லாபூரும் அதன் சூழலும்

ஐதராபாத்தின் வடகிழக்கில், இன்றைய மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்தில் அமைந்தது மல்லாபூர். நாச்சாரம், மௌலாலி, சர்லப்பள்ளி ஆகிய பகுதிகளோடு சேர்ந்து இது ஒரு தொழிற்பகுதியாக வளர்ந்தது. இச்சூழலுக்குக் கணினி வரலாற்றில் ஓர் இடத்தைத் தந்தது, சர்லப்பள்ளிப் பகுதியில் அமைந்த இந்திய மின்னணுக் கழகம் ஆகும். ஈசிஐஎல் என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்நிறுவனம் அணுசக்தித் துறையின் கீழ் 1967இல் தோற்றுவிக்கப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மின்னணுப் பிரிவில் நிகழ்ந்த ஆய்வுகளின் பயனைத் தொழில்முறையில் உற்பத்தியாக்குதல் இதன் நோக்கமாகும். இதனை உருவாக்கி வழிநடத்தியவர் ஏ.எஸ்.ராவ். அருகிலுள்ள குடியிருப்புப் பகுதி இன்றும் அவர் பெயரால் ஏ.எஸ்.ராவ் நகர் என வழங்குகின்றது.

இந்தியாவில் அதற்கு முன்னர்க் கணினி இல்லாமலில்லை. கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அயல்நாட்டுக் கணினி 1950களின் இடைப்பகுதியிலேயே நிறுவப்பட்டது. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் என்னும் கணினி 1960இல் செயற்பாட்டுக்கு வந்தது. எனினும் உள்நாட்டிலேயே வணிகமுறையில் கணினி செய்தளித்தல் என்னும் நிலை ஈசிஐஎல்லின் டிடிசி-12 என்னும் 12 பிட் கணினியோடு, 1969இல் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து 1974இல் டிடிசி-312, 1975இல் 16 பிட் அமைப்புடைய டிடிசி-316, 1978இல் நுண்செயலியை அடிப்படையாகக் கொண்ட மைக்ரோ-78 ஆகியன வெளிவந்தன. ஆகவே இந்தியக் கணினித் தொழிலின் தொடக்க வரலாற்றை எழுதுவோர் மல்லாபூரின் அண்டையிலுள்ள இப்பகுதியைத் தவிர்த்துவிட இயலாது.

துளைநாடாக் காலம்

தரவுப் பெயர்ச்சி வேகத்தின் அடிப்படை உண்மையை உணர்தற்கு அக்காலச் சிறுகணினிகளின் துளைநாடா மிகப் பொருத்தமான சான்றாகும். காகித நாடாவில் வரிசை வரிசையாகத் துளையிட்டுத் தரவைப் பதிவர். துளை இருப்பின் ஒன்று, இன்றேல் சுழி எனக் கொள்ளப்படும். அக்கால உலகெங்கும் பரவியிருந்த தொலையச்சுப் பொறி, நாடாவை நொடிக்கு 10 வரிசை வீதம் படித்தது. அதே நாடாவை ஒளியின் துணைகொண்டு படிக்கும் கருவிகள் நொடிக்கு 300 வரிசை வீதம் படித்தன.

12 பிட் கணினியை எடுத்துக்கொள்வோம். 12 பிட் முகவரியால் 4096 சொற்களைச் சுட்டலாம். ஒரு சொல்லுக்கு நாடாவில் இரு வரிசை வேண்டும் எனின், அந்நினைவகத்தை முழுதும் நிரப்ப 8192 வரிசைகள் வேண்டும். தொலையச்சுப் பொறிவழி இதற்கு ஏறத்தாழ 14 நிமிடம் ஆகும். ஒளிப்படிப்பான் வழி 27 நொடியே ஆகும். நாடா ஒன்றே, கணினியும் ஒன்றே. படிக்கும் கருவி மாறியதும் காலம் முப்பதில் ஒரு பங்காயிற்று.

இதனின்று ஒரு பொது விதி பெறப்படும். தரவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லும்போது பல வாயில்களைக் கடக்கின்றது. அவ்வாயில்களுள் மிகக் குறுகியது எதுவோ அதுவே முழுப் பயணத்தின் வேகத்தை முடிவு செய்கின்றது. ஏனைய வாயில்கள் எவ்வளவு அகன்றிருப்பினும் பயனில்லை. ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும் மதகின் அளவே வாய்க்காலில் நீர் பாய்வது போன்றது இது. கணினி வரலாற்றில் அம்மதகு ஒரு காலத்தில் சேமிப்பகமாகவும் மற்றொரு காலத்தில் இணைப்பு வழியாகவும் மாறி மாறி அமைந்துள்ளமையைப் பின்வரும் செய்திகளால் அறியலாம்.

வட்டின் வரவு: கொள்ளளவும் வேகமும்

நாடாவில் வேண்டிய இடத்தை அடைய முன்னுள்ள பகுதி முழுவதையும் கடந்தாக வேண்டும். சுழலும் வட்டில் வேண்டிய இடத்திற்கு நேரே செல்லலாம். 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டுத் தொகுதியே வணிகமுறையில் வந்த முதல் வன்தட்டு ஆகும். 24 அங்குல விட்டமுடைய 50 வட்டுகளைக் கொண்ட அத்தொகுதி 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. நொடிக்கு ஏறத்தாழ 8800 எழுத்துகளைப் பெயர்த்தது. அதாவது முழுக் கொள்ளளவையும் ஒருமுறை படித்து முடிக்கப் பத்து நிமிடத்திற்குச் சற்றுக் குறைவான காலம் போதும்.

1980இல் சீகேட் நிறுவனம் மேசைக் கணினிக்கென வெளியிட்ட 5.25 அங்குல வட்டு 5 மெகாபைட் கொண்டது. அதன் இணைப்பு வழி நொடிக்கு 5 மெகாபிட் பெயர்த்தது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆகலின் இது நொடிக்கு 0.625 மெகாபைட்டாகும். படிமுனை இடம்பெயரும் காலத்தை விலக்கிக் கணக்கிட்டால் முழு வட்டையும் 8 நொடியில் படித்துவிடலாம்.

இக்காலத்து 20 டெராபைட் வன்தட்டு நொடிக்கு 250 மெகாபைட் அளவில் இடையறாது படிப்பதாகக் கொண்டாலும், முழுவதையும் படிக்க 80,000 நொடி, அதாவது 22 மணிக்கு மேல் ஆகும். கொள்ளளவு நாற்பது இலட்சம் மடங்கு பெருகியிருக்க, வேகம் நானூறு மடங்கே பெருகியுள்ளது. வட்டின் பரப்பில் பதிவின் செறிவு நீளத்திலும் அகலத்திலும் மிகுகின்றது. வேகமோ ஒரு சுற்றில் படிமுனையின் கீழ்ச் செல்லும் நீளத்தின் செறிவையும் சுழற்சி வேகத்தையும் மட்டுமே சார்ந்தது. இவ்வேறுபாடே மேற்கண்ட இடைவெளிக்குக் காரணமாகும். நாம் மிகுதியாகச் சேமிக்கக் கற்றுக்கொண்ட அளவுக்கு விரைவாகப் படியெடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பது இதனால் புலனாகின்றது.

இணைப்புத் தரங்களின் வளர்ச்சி

தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தனக்கென ஓர் இணைப்பு முறையைக் கொண்டிருந்தது. ஒன்றன் வட்டு மற்றொன்றில் பொருந்தாது. இந்நிலையை மாற்றப் பொதுத் தரங்கள் தோன்றின. ஸ்கஸி எனப்படும் தரம் 1986இல் அமெரிக்கத் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. 8 பிட்டுகளை ஒரே நேரத்தில் எட்டுக் கம்பிகளில் அனுப்பி நொடிக்கு 5 மெகாபைட் வரை பெயர்த்தது. ஏறத்தாழ அதே காலத்தில் உருவாகி 1994இல் தரமாக்கப்பட்ட ஏடிஏ என்னும் முறை, ஐடிஇ என்னும் பெயரால் இந்தியக் கணினிக் கடைகளில் நன்கறியப்பட்டது. 40 முனைகளும் பட்டையான சாம்பல் நிறக் கம்பித் தொகுதியும் கொண்ட அவ்விணைப்பைப் பழைய மேசைக் கணினியைத் திறந்து பார்த்தோர் மறந்திரார்.

ஏடிஏ முறையின் வேகம் நொடிக்கு 33, 66, 100, 133 மெகாபைட் எனப் படிப்படியாக உயர்ந்தது. ஆயினும் இணைவழி முறைக்கு ஓர் இயற்கை எல்லை உண்டு. பல கம்பிகளில் ஒரே நேரத்தில் புறப்படும் குறிகள் மறுமுனையை முற்றிலும் ஒரே நேரத்தில் அடைவதில்லை. வேகம் குறைவாயின் இச்சிறு வேறுபாடு பொருட்டன்று. வேகம் மிகுந்தவழி ஒரு குறியின் இடத்தில் அடுத்த குறி வந்துவிடும். அடுத்தடுத்த கம்பிகள் ஒன்றன் குறியை மற்றொன்று குலைத்தலும் நேரும். 66 மெகாபைட் வேகத்திற்கு உயர்ந்தபோது குறிக் கம்பிகளுக்கு இடையிடையே நிலக்கம்பிகளை இட்டு, 40 கம்பிகளை 80 ஆக்க நேர்ந்தமை இதற்குச் சான்றாகும்.

இச்சிக்கலுக்குத் தீர்வாக 2003இல் வந்தது சாட்டா. பல கம்பிகளில் சேர்த்தனுப்புதலை விடுத்து, ஒரே இணையில் ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைந்து அனுப்பும் தொடர்வழி முறை இது. முதல் சாட்டாவின் வேகம் நொடிக்கு 1.5 கிகாபிட். இம்முறையில் ஒவ்வொரு 8 பிட் தரவும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால் பெறும் பயன் 150 மெகாபைட்டே ஆகும். அடுத்து வந்த 3 கிகாபிட் சாட்டா 300 மெகாபைட்டையும், 2009இல் வந்த 6 கிகாபிட் சாட்டா 600 மெகாபைட்டையும் தந்தன. இணைப்புத் தரங்களின் வேகம் பிட் கணக்கிலும் சேமிப்பகங்களின் வேகம் பைட் கணக்கிலும் கூறப்படுதல் மரபு. இவ்வேறுபாட்டை நோக்காது எட்டு மடங்கு, பத்து மடங்கு என வேகத்தை மிகைபடக் கருதி ஏமாறுவோர் பலர்.

யூஎஸ்பி: வடிவமும் வேகமும்

கணினிக்கு வெளியே சேமிப்பகத்தை இணைக்கும் முறைகளுள் மிகப் பரவியது யூஎஸ்பி. இதனை வடிவமைத்த இன்டெல் குழுவில் முதன்மையானவர் குசராத்தில் பிறந்து வடோதராவில் பொறியியல் பயின்ற அஜய் பட் என்பது குறிப்பிடத்தக்கது. 1996இல் வெளியான முதல் தரத்தின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் அது போதும், வட்டுக்குப் போதாது. நடைமுறையில் நொடிக்கு 1 மெகாபைட் அளவே கிடைத்தது. 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 இதனை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. கணக்குப்படி இது 60 மெகாபைட்; கட்டுப்பாட்டுச் செய்திகளுக்காகும் செலவு போக நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட் வரை கிடைத்தது. வெளி வன்தட்டும் விரல் அளவுச் சேமிப்பகமும் பரவலானமைக்கு இத்தரமே காரணம் எனலாம்.

2008இல் வந்த யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 கிகாபிட் வேகமுடையது. முன்னைய தரத்தின் நான்கு கம்பிகளோடு மேலும் ஐந்து சேர்க்கப்பட்டன. பின்னர் 2013இல் 10 கிகாபிட், 2017இல் 20 கிகாபிட், 2019இல் வந்த யூஎஸ்பி4 தரத்தில் 40 கிகாபிட் என வேகம் உயர்ந்தது.

பழைய கருவியும் புதிய பொருத்துவாயும் தம்முள் இயைந்து செயற்படுதல் யூஎஸ்பி முறையின் சிறப்பு. அச்சிறப்பே அறியாமைக்கும் இடந்தருகின்றது. கணினி, இணைப்புக் கம்பி, சேமிப்பகம் ஆகிய மூன்றனுள் எது பழைய தரமோ அதன் வேகத்திற்கே மற்றிரண்டும் இறங்கிவிடும். நான்கு கம்பி மட்டும் உடைய பழைய வடத்தைக் கொண்டு புதிய வன்தட்டை இணைத்தால் அது இயங்கும். ஆனால் நான்கில் ஒரு பங்கு வேகத்திலேயே இயங்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாமையால் பயனர் காரணத்தை உணரார். 2014இல் அறிமுகமான சி வகைப் பொருத்துவாய் வடிவத்தைக் குறிப்பதே அன்றி வேகத்தைக் குறிப்பதன்று. அவ்வடிவில் யூஎஸ்பி 2.0 வேகம் மட்டுமே தரும் கருவிகளும் உள. ஆகவே முனையின் வடிவங்கண்டு வேகத்தைத் துணிதல் பொருந்தாது.

சேமிப்பகத்தின் எல்லை

இணைப்பு வழி விரிவடைந்தபோது மதகு மீண்டும் சேமிப்பகத்திற்கு இடம்பெயர்ந்தது. நிமிடத்திற்கு 7200 சுற்றுச் சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய இடம் படிமுனையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனை வேறு தடத்திற்கு நகர மேலும் 9 மில்லிநொடி அளவு ஆகும். ஆகவே சிதறிக் கிடக்கும் தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் 13 மில்லிநொடி கழிகின்றது. இத்தகைய வட்டை 6 கிகாபிட் சாட்டாவில் இணைத்தாலும் அதன் 600 மெகாபைட் வழி பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கும்.

இதன் விளைவைச் சொல்லடைவுப் பணியில் ஈடுபடுவோர் நன்கறிதல் வேண்டும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் அளவுடைய ஓர் இலட்சம் சிறு கோப்புகள் ஓர் ஆய்வகத்தில் உள்ளன எனக் கொள்வோம். மொத்த அளவு 400 மெகாபைட்டே. அவை வட்டில் சிதறிக் கிடப்பின் படித்து முடிக்க 1300 நொடி, அதாவது ஏறத்தாழ 22 நிமிடம் ஆகும். அவற்றையே ஒரே தொகுப்புக் கோப்பாகக் கட்டி வைத்திருப்பின், நொடிக்கு 120 மெகாபைட் வேகத்தில் நான்கு நொடிக்குள் முடியும். தனித்தனி ஓலைகளைக் கயிற்றில் கோத்துச் சுவடியாக்கியோர் செய்ததும் இத்தகைய ஒழுங்கே.

சுழற்சியால் நேரும் இவ்வெல்லையைக் கடந்தது எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா குழுவினர் 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் இதன் அடிப்படை. அசையும் உறுப்பு இதில் இல்லை. இது பரவியதும் 600 மெகாபைட் சாட்டா வழியே மதகாயிற்று. ஆகவே 2011இல் என்விஎம்இ என்னும் புதிய முறை வகுக்கப்பட்டது. செயலியோடு நெருங்கிய பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியைப் பயன்கொள்வதால் நொடிக்கு 3000 மெகாபைட்டும் அதற்கு மேலும் இதில் இயல்கின்றது.

எனினும் இரு வரையறைகளைச் சுட்டுதல் வேண்டும். விலை குறைந்த திண்மநிலைச் சேமிப்பகங்கள் எழுதுதலை முதலில் ஒரு விரைவுப் பகுதியில் ஏற்கின்றன. அப்பகுதி நிரம்பியபின் வேகம் பெரிதும் வீழ்கின்றது. சிறு கோப்புக்குக் கண்ட வேகத்தைப் பெருந்தொகுதிக்கும் எதிர்பார்த்தல் தவறாகும். மேலும் ஃபிளாஷ் நினைவகம் தரவை மின்னூட்டமாகவே கொள்கின்றது. மின்தொடர்பின்றி நெடுங்காலம் பேழையில் வைத்திருப்பின் அம்மின்னூட்டம் கசியும். விரைந்து பெயர்த்தற்கு உகந்தது எல்லாம் நெடிது காத்தற்கும் உகந்தது ஆகாது.

எழுத்தும் படிமமும்

தமிழ் மின்னூல் வரலாறு இருவேறு வழிகளில் நடந்தமைக்கு இவ்வேக வேறுபாடும் ஒரு காரணம் எனத் தோன்றுகின்றது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எழுத்து வடிவில் தட்டச்சிட்டது. 300 கிலோபைட் அளவுள்ள ஓர் எழுத்துக் கோப்பு அக்காலத் தொலைபேசி இணைப்பில், நொடிக்கு 7 கிலோபைட் வீதம், ஒரு நிமிடத்திற்குள் கடல்கடந்து செல்லும். 1.44 மெகாபைட் நெகிழ்வட்டிலும் அத்தகைய கோப்புகள் நான்கு அடங்கும். பல நாடுகளில் சிதறி வாழ்ந்த தன்னார்வலர் ஒன்றுகூடிப் பணியாற்ற இச்சிறுமையே துணை நின்றது.

படிமத்தின் நிலை வேறு. ஆறு அங்குல அகலமும் ஒன்பது அங்குல உயரமும் உள்ள பக்கத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் கறுப்பு வெள்ளையில் வருடினால், சுருக்காத நிலையில் 2.4 மெகாபைட் ஆகும். 300 பக்க நூல் ஏறத்தாழ 730 மெகாபைட் பெறும். ஒரு குறுவட்டிலும் அது அடங்காது; தொலைபேசி இணைப்பில் அனுப்ப 29 மணி ஆகும். சுருக்கும் முறைகள் இதனைப் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைக்கும். ஆயினும் நூல்கள் இலட்சக்கணக்கில் சேரும்போது அச்சுருக்கமும் போதாது.

இவ்விடத்தில் ஐதராபாத் மீண்டும் வரலாற்றில் இடம்பெறுகின்றது. நகரின் மேற்கே கச்சிபவுலியில் 1998இல் நிறுவப்பட்ட பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம், இந்திய மின்னூலகத் திட்டத்தின் பெரும் வருடல் மையங்களுள் ஒன்றாக விளங்கியது. சித்தூர் மாவட்டத்தில் பிறந்து சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவரும், 1994இல் டூரிங் விருது பெற்றவருமான ராஜ் ரெட்டி இத்திட்டத்தின் மூலவர்களுள் ஒருவர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ந.பாலகிருஷ்ணன் இந்தியப் பணியை முன்னின்று நடத்தினார். இதன் இணையதளத்தை 2003இல் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ.அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். உலகளாவிய பத்து இலட்சம் நூல் திட்டத்தின் ஓர் அங்கமாகிய இதில் தமிழ் உட்பட இந்திய மொழி நூல்கள் பெருந்தொகையாகப் படிமமாயின. பல ஊர்களில் வருடப்பட்ட படிமங்களை அக்கால இணையவழி ஓரிடம் சேர்த்தல் எளிதன்று என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும்.

இத்தளம் 2017ஆம் ஆண்டளவில் பொதுப் பயன்பாட்டிலிருந்து நீங்கியது. தமிழாய்வாளர் பலர் நாள்தோறும் நாடிய பழம்பதிப்புகள் அங்கிருந்து கிடைக்காது போயின. ஆயினும் அவை முற்றும் அழிந்தில. அதற்கு முன்னரே ஆர்வலரும் பிற அமைப்பினரும் எடுத்து வைத்த பல இலட்சம் நூல்களின் நகல்கள் இணைய ஆவணகத்தில் இடம்பெற்றிருந்தன. இன்று ஒரு பழந்தமிழ் அச்சு நூலின் படிமத்தை அங்கிருந்து பெறுவோர், மூலச் சேமிப்பகத்தையன்று, ஒரு படியையே பெறுகின்றனர். ஏட்டுச்சுவடிக்கு உண்மையானது மின்னூலுக்கும் உண்மையாயிற்று.

சுவடிப் படிமங்கள்: ஒரு கணக்கு

மேற்கூறியவற்றைச் சுவடிக்குப் பொருத்திப் பார்ப்போம். 40 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உடைய ஓர் ஓலையின் ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் சுருக்காது வருடினால் 23 மெகாபைட்டுக்குச் சற்று மிகுதியாகும். 200 ஓலை கொண்ட சுவடியின் இரு பக்கமும் சேர்ந்து 9.4 கிகாபைட், ஆயிரம் சுவடிகள் 9.4 டெராபைட். இத்தொகுதியை ஒருமுறை படியெடுக்க ஆகும் காலம், இரு முனைகளும் அவ்வேகத்தைத் தாங்கும் எனக் கொண்டால், பின்வருமாறு அமையும்.

முதல் யூஎஸ்பி தரம், நொடிக்கு 1 மெகாபைட்: ஏறத்தாழ 109 நாள்.
யூஎஸ்பி 2.0, நொடிக்கு 30 மெகாபைட்: 3 நாள் 15 மணி.
யூஎஸ்பி 3.0 வழி வன்தட்டு, நொடிக்கு 120 மெகாபைட்: 22 மணி.
சாட்டா வழித் திண்மநிலைச் சேமிப்பகம், நொடிக்கு 500 மெகாபைட்: 5 மணிக்குச் சற்று மிகுதி.
என்விஎம்இ, நொடிக்கு 3000 மெகாபைட்: 52 நிமிடம்.

மூன்றாம் நிலையிலுள்ள வன்தட்டைப் பழைய வடத்தால் இணைத்துவிட்டால் அது இரண்டாம் நிலைக்கு இறங்கிவிடும் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. 22 மணியில் முடிய வேண்டிய பணி நான்கு நாளை நெருங்கும். இடையில் மின்தடை நேர்ந்தால் மீண்டும் தொடங்க வேண்டியும் வரலாம். பணியாளர் குறைந்த நூலகத்தில், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என இரண்டாம் படி கைவிடப்படுதற்கு இதுவே போதும்.

படியெடுத்தல் மட்டும் அமையாது. பெயர்த்தெழுதியபின் மூலத்தோடு ஒப்புநோக்குதல் சுவடி மரபு. மின்படியிலும் இரு படிகளையும் மீளப் படித்து, சரிபார்ப்பு எண் கணித்து ஒப்பிடுதல் வேண்டும். அதற்குப் படியெடுத்தற்கு ஆன காலமே மீண்டும் ஆகும். வேகம் குன்றிய இணைப்பில் முதலில் விடப்படுவது இவ்வொப்புநோக்கலே. ஒப்புநோக்காத படி எத்தகைய பிழைகளுக்கு இடமாகும் என்பதைப் பதிப்பாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. தரவுப் பெயர்ச்சியின் வேகத்தை மிகக் குறுகிய வாயிலே முடிவு செய்கின்றது. துளைநாடாக் காலத்திலிருந்து இன்றுவரை அவ்வாயில் சேமிப்பகத்திற்கும் இணைப்பு வழிக்கும் இடையே மாறி மாறி அமைந்துள்ளது. ஆகவே ஒன்றை மட்டும் புதுப்பித்தல் பயன் தராது.

2. சேமிப்பகத்தின் கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு அதன் வேகம் வளரவில்லை. முழுத் தொகுதியையும் படியெடுத்தற்கான காலம் நொடிகளிலிருந்து நாளளவுக்கு நீண்டுள்ளது. மின்வடிவாக்கத் திட்டங்கள் வருடுதற்கான காலத்தோடு படியெடுத்தற்கும் ஒப்புநோக்குதற்குமான காலத்தையும் தொடக்கத்திலேயே கணக்கிடல் வேண்டும்.

3. சிறு கோப்புகளைத் தொகுத்து வைத்தல், கம்பியின் தரம் அறிந்து இணைத்தல், பிட்டையும் பைட்டையும் வேறுபடுத்தி அறிதல் ஆகியன பெரும்பொருட் செலவின்றியே வேகத்தைக் கூட்டுவன.

4. இணைப்பு முனைகள் வழக்கொழிகின்றன. ஸ்கஸி, ஐடிஇ முனை கொண்ட வட்டுகளில் உள்ள தரவு, வட்டு பழுதுறாத நிலையிலும், பொருந்தும் வாயில் கிட்டாமையால் படிக்க இயலாததாகும். அத்தகைய வட்டுகள் துறை நூலகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருப்பின் அவற்றைக் காலந்தாழ்த்தாது பெயர்த்தல் வேண்டும்.

சர்லப்பள்ளியில் கணினி செய்யத் தொடங்கிய காலத்தில் சில ஆயிரம் சொற்களைப் பெயர்த்தற்குக் கால் மணிநேரம் ஆயிற்று. கச்சிபவுலியில் நூல்கள் படிமமான காலத்தில் ஒரு நூலை அனுப்புதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும் நிலை இருந்தது. இன்று ஆயிரம் சுவடிகளை ஒரு பகலில் படியெடுக்கும் வாய்ப்பு நம் கையில் உள்ளது. ஏடு பெயர்த்தெழுதியோர் மாதக்கணக்கில் எழுத்தாணி பிடித்துச் செய்த கடமையை, அவ்வளவு எளிதில் செய்ய இயலும் நாம் செய்யாதுவிடின், இழப்புக்குக் காரணம் கருவியின் குறை ஆகாது.